வெளியூர் மூக்கு

"சார், ஒரு சந்தேகம். நம்ம படிவத்துல பன்னிரண்டாவது கட்டம் எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துறட்டுமா?"

போனில் கேட்டவர் மகாலட்சுமி. நான் ஓய்வு பெற்றபின் எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண். தென்காசிப் பக்கம். கெட்டிக்காரி, ஆனால் எதைக் கண்டாலும் எடுத்துவிடத் துடிக்கிற வயது. காகிதப் படிவங்களை எல்லாம் இப்போது கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வைக்கோலின் எடை, வெந்நீரின் சூடு, விதை வந்த தேதி என்று பதினோரு கட்டங்கள் ஒழுங்காக உள்ளே போய்விட்டன. பன்னிரண்டாவதில், "வெளியூர் மூக்கு: வாடை உண்டு / இல்லை. கையெழுத்து" என்று இருக்கிறது. கம்ப்யூட்டர்காரர் அதைப் படித்துவிட்டு, யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று சிரித்தாராம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்போதே சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறெங்கேயாவது போய்விடுவேன் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான். "ஒரு வாரம் பொறும்மா, எழுதித் தர்றேன். அது வரைக்கும் அதுல கை வைக்காத" என்றேன். "ரெண்டு வரி போதும் சார்" என்றார். ரெண்டு வரியில் முடிகிற விஷயமா அது?

நான் சாக்குக்காரர் மகன். அத்தா விருதுநகரில் பழைய சாக்கு வியாபாரம் செய்தார். மண்டிகளில் மிளகாயும் மல்லியும் உளுந்தும் வந்து இறங்கிய பிறகு காலிச் சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, அடுக்கி விற்பது எங்கள் குடும்பத் தொழில். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாக்கைத் தடவி, முகர்ந்து, இதில் என்ன இருந்தது என்று பத்து வயதிலேயே சொல்லிவிடுவேன். கடைக்கு வருகிறவர்களிடம் அத்தா அதைக் காட்டிப் பெருமைப்படுவார். அந்தப் பெருமை எனக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டது. பின்னால் அதுதான் என்னைக் கவிழ்த்தது.

கடையில் உட்காரப் பிடிக்காமல் வேதியியல் படித்தேன். சிவகாசியில் பெண் எடுத்து அங்கேயே தங்கினேன். அச்சு மை செய்கிற கம்பெனி ஒன்றில் பல வருஷம் நிறம் பார்த்தேன். அது மூடியதும், குப்பைக் கிடங்கின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

குப்பை மேட்டில் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் சும்மா வெளியே வராது. அழுகிய காய்கறி, காகிதம், மை டப்பா, பட்டாசுக் காகிதம், செருப்பு, பாட்டரி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, அடியில் கருப்பாகக் கசிந்து நிற்கும். அதைக் கசிவுநீர் என்று எழுதுவோம். பேசும்போது கருப்புத் தண்ணி. கையில் பட்டால் இரண்டு நாள் வாடை போகாது. காற்றடித்து, படிய வைத்து, என்ன செய்தாலும் வாடைதான் குறையுமே தவிர கருப்பு போகாது. மக்கிப்போன மரத்தின் சாறு போல ஒரு பிடிவாதமான கருப்பு. அதற்குள்தான் விஷத்தில் பெரும்பங்கு ஒளிந்திருக்கிறது என்பார் எங்கள் மேடம்.

மேடம் என்றால் செல்லராணி மேடம், எங்கள் தலைமை வேதியியலர். நாகர்கோவில்காரர். உயரம் குறைவு, குரலும் குறைவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது நோட்டுப் புத்தகம். ஆய்வுக்கூட நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுத வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு தப்பை மை பூசி மறைத்துவிட்டேன். பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"பாய், இதுல என்ன எழுதியிருந்தீங்க?"

"தப்பா எழுதிட்டேன் மேடம்."

"அது தெரியுது. என்ன தப்புன்னு தெரியலையே. தப்பு செய்யலாம், ஒளிக்கக் கூடாது. அடிச்ச பிறகும் அதை வாசிக்க முடியணும்."

இரண்டாவது சட்டம் மீன். தண்ணீரின் விஷம் போய்விட்டதா என்பதை எந்த மெஷின் சொன்னாலும் நம்பமாட்டார். கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றவற்றில் சுத்தம் செய்த தண்ணீரைக் கால் பங்கு, அரைப் பங்கு, முழுசு என்று ஊற்றச் சொல்வார். தொட்டிக்குப் பத்து கப்பி மீன். நாலு நாள். தீனி கிடையாது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். ஒரு மீன் அடியில் கிடந்தால் உடனே செத்தது என்று எழுதிவிட முடியாது. கண்ணாடிக் குச்சியால் வாலை லேசாகத் தொட்டு, செவுள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். மேடம் முக்காலி போட்டுத் தொட்டிமுன் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். ஒரு மீனுக்காகக் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பின்னால் நின்று கால் மாற்றிக்கொண்டிருப்போம்.

கருப்பைப் போக்கக் காளானை வைத்துப் பார்க்கலாம் என்றவர் அவர்தான். மழைக்காலத்தில் செத்த மரத்தின்மேல் வெள்ளையாகப் படர்ந்து அதை மெதுவாகத் தின்கிற பூஞ்சை இருக்கிறதே, அந்த ஜாதி. மரத்தையே கரைக்கத் தெரிந்ததற்கு இந்தக் கருப்பையும் கரைக்கத் தெரியும் என்பது கணக்கு. நாம் வாங்கித் தின்கிற சிப்பிக்காளானும் அந்தக் குடும்பம்தான். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. குப்பைத் தண்ணியில் காளான் குழம்பா என்று நான் கேட்டதற்கு மேடம்கூடச் சிரித்தார்.

வேலை இப்படி. வைக்கோலை நறுக்கி, சணல் சாக்கில் அடைத்து, வாயைக் கட்டி, ஒரு மணி நேரம் கொதிநீரில் முக்கி வைக்க வேண்டும். வைக்கோலில் ஏற்கெனவே இருக்கிற வேண்டாத பூஞ்சைகள் சாகத்தான் இது. பிறகு தூக்கிக் கட்டி வடியவிட வேண்டும். ஆறியதும் பீப்பாயின் உள்பக்கம் அதே சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு கை காளான் விதை, மறுபடி வைக்கோல். காளான் விதை என்பது பூஞ்சை ஏறிய சோளம். கருப்புத் தண்ணியை நன்றாக நீர்த்து, கொஞ்சம் வெல்லம் கரைத்துத் தெளித்து, பூஞ்சையை அதற்குப் பழக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பீப்பாய் முழுக்கப் பஞ்சு அடைத்ததுபோல வெள்ளை படர்ந்துவிடும். அதற்குப் பிறகு கருப்புத் தண்ணியை மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், அடிக்குழாயில் வருகிற தண்ணீரில் கருப்பு குறைந்திருக்கும்.

முதலில் மூன்று சின்னப் பீப்பாய். தம்பிதான் அத்தாவுக்குப் பிறகு கடையைப் பார்த்தான், அவனிடமிருந்து உளுந்துச் சாக்குகள் கொண்டுவந்தேன். பால் விடாத காப்பி மாதிரி உள்ளே போன தண்ணீர், லேசான டீத்தண்ணி நிறத்தில் வெளியே வந்தது. அரைப் பங்கு ஊற்றிய தொட்டியில் நாலாவது நாளும் பத்து மீனும் நீந்தின. மேடம் நோட்டில் எழுதி முடித்ததும் எல்லோருக்கும் அவர் காசில் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். அதற்குமுன் அப்படிச் செய்ததே இல்லை.

அதைப் பார்த்து மேலிடத்தில் அனுமதி கொடுத்தார்கள். ஆறு பெரிய பீப்பாய், தீபாவளி முடிந்ததும் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிலையம் முழுக்க இந்த முறை. ஐந்து பீப்பாயில் கருப்புத் தண்ணி, ஆறாவதில் வெறும் நல்ல தண்ணீர். அந்த ஆறாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பெரிய சாக்குகள் தேவைப்பட்டன. "சாக்கு விஷயத்தை எங்கிட்ட விட்டுருங்க மேடம்" என்றேன்.

தம்பியிடம் பெரிய சாக்கு இல்லை. என் தங்கை மாப்பிள்ளை ரஹீமும் விருதுநகரில் அதே தொழில்தான், தனிக்கடை. அவனிடம் போனேன். மிளகாய்ச் சாக்கைக் காட்டினான். நெடி பூஞ்சைக்கு ஆகாது என்று தள்ளினேன். எண்ணெய்ப் பிண்ணாக்குச் சாக்கைக் காட்டினான். பிசுபிசுப்பு இருக்கிறது என்று தள்ளினேன். கடைசியில் ஒரு கட்டு எடுத்துப் போட்டு, "பட்டாசுக் கம்பெனிச் சாக்கு மச்சான், நல்லா அலசிக் காயப்போட்டாச்சு" என்றான். அழகான சாக்கு. தடவிப் பார்த்தேன். முகத்தில் வைத்து முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. பத்து வயதில் அத்தா முன்னால் நின்றதுபோல நிமிர்ந்து நின்று, "இதுதான் சாக்கு" என்றேன்.

பீப்பாய்களை நிரப்பினோம். மூன்றாம் நாள் விதையைச் சுற்றி வெள்ளையாக நூல் கிளம்பியது. ஐந்தாம் நாளும் அப்படியே இருந்தது. ஏழாம் நாள் அந்த நூலும் சுருங்கி, பழுப்பேறி, வைக்கோலோடு ஒட்டிக் கிடந்தது. பத்தாம் நாள் ஆறு பீப்பாயும் மயானமாக இருந்தன. தீபாவளிக் குப்பையால் கருப்புத் தண்ணிக்கு விஷம் ஏறிவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் பேசினார்கள். மேடம் நேராக ஆறாவது பீப்பாயின்முன் போய் நின்றார்.

"இதுலயும் செத்திருக்கே பாய். இதுல நல்ல தண்ணிதானே ஊத்தினோம். அப்ப கருப்புத் தண்ணி மேல பழி போட முடியாது."

"அப்ப விதைதான் மேடம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பஸ்ல பார்சல் வந்தப்ப நான்தான் இறக்கினேன். பெட்டி சூடா இருந்துச்சு. வர்ற வழியிலயே விதை செத்திருக்கும்."

பெட்டி சூடாக இருந்தது உண்மை. மேடம் எழுதச் சொன்னார். நோட்டில் என் கையால் "விதை கெட்டது" என்று எழுதினேன். மேலிடத்துக்கு அனுப்ப அறிக்கையும் தயாரானது. அதில் விதை கொடுத்தவரின் பெயர் இருந்தது. பெயர் இருக்கிறது என்பதற்காக மேடம் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொன்னார்.

விதை கொடுத்தவர் ராஜேஸ்வரி. ஆண்டிபட்டிப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் காளான் விதை தயாரிக்கிறவர். வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் பயிற்சி எடுத்தவர், அந்தக் கல்லூரி சொல்லித்தான் நாங்கள் அவரிடம் வாங்கினோம். அதுவரை போனில்தான் பேசியிருக்கிறேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கையில் ஒரு கட்டைப்பையோடு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வைக்கோல், வெள்ளை வெளேரென்று படர்ந்த பூஞ்சை.

"ஒங்களுக்குக் குடுத்த அதே நாளு, அதே சட்டியில போட்ட வெதை மேடம். பாத்துக்கங்க. இது நல்லா இருக்குல்ல?"

"நல்லாதான் இருக்கும்மா. வழியில சூடு பட்டிருக்கலாம்னு..."

"இதுவும் பஸ்லதான் வந்துச்சு. எம்மடியில வச்சுக் கொண்டாந்தேன்." பிறகு குரல் இறங்கியது. "காலேசுல சொல்லித்தான் நீங்க எங்கிட்ட வாங்கினீக. இந்தக் கடுதாசி அங்க போச்சுன்னா ஒருத்தரும் வாங்க மாட்டாக மேடம். கொட்டகையப் பூட்டிற வேண்டியதுதான். பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

மேடத்தின் முகம் வாடிவிட்டது. பீப்பாய்களைப் பார்க்கலாம் என்று கூட்டிப் போனோம். பீப்பாய்க் கொட்டகைக்குள் காலை வைத்ததும் ராஜேஸ்வரி முந்தானையால் மூக்கைத் தேய்த்தார்.

"என்ன மேடம், இங்கன தீப்பெட்டி வாடை அடிக்குது?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். பம்பு ஓட்டுகிற மாரிமுத்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். எங்களில் யாருக்கும் ஒரு வாடையும் இல்லை. குப்பை வாடைகூட எங்களுக்கு எப்போதோ விட்டுப்போன ஒன்று.

மேடம் சொன்னார்: "இந்த ஊரே அப்படித்தாம்மா. நான் வந்த புதுசுல எனக்கும் அடிச்சுது. பதினோரு வருஷம் ஆச்சு, என் மூக்கு சிவகாசிக்காரி ஆயிருச்சு."

"ஊர் வாடையா? இருக்கும், இருக்கும்" என்று ராஜேஸ்வரியும் விட்டுவிட்டார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்பதை நான் கவனித்தேன். கொட்டகையின் மூலையில், மிச்சமான இரண்டு சாக்குகள் கொடியில் தொங்கின.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கந்தகம். திராட்சைக்கு வெள்ளைப் பூஞ்சை வந்தால் விவசாயி தூவுகிற அதே கந்தகம். கொதிநீரில் அது கரையாது. சாக்கின் இழையிலிருந்து கிளம்பி வைக்கோல் முழுக்க ஏறியிருக்கும். பூஞ்சையைக் கொல்கிற மருந்தை நானே பீப்பாய்க்கு மெத்தையாக விரித்திருக்கிறேன். வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு, சாக்குக்காரர் மகன் என்று நெஞ்சை நிமிர்த்தியவன், எல்லோர் முன்னாலும் எப்படி?

அறிக்கை மறுநாள் பத்து மணிக்குப் போகும் என்று மேடம் சொல்லிவிட்டார். சாப்பிடச் சொன்னோம், ராஜேஸ்வரி ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்தார். திருத்தங்கல் பஸ் நிறுத்தம் வரை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும், "ஒங்கள நான் குத்தஞ் சொல்லல பாய். எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். நான் ஏதோ பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. பீப்பாய்க் கொட்டகைக்குத் திரும்பி ஒரு சாக்கை உருவி வண்டியில் சுருட்டி வைத்து, நேராக விருதுநகர் போனேன். ரஹீம் கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான், என்ன இந்நேரம்? சாப்பிட்டீகளா?"

"இந்தச் சாக்குல என்ன இருந்துச்சு?"

"பட்டாசுக் கம்பெனிச் சாக்குன்னு சொன்னேன்ல. கந்தகம் சலிக்கிற ரூம்ல இருந்தது. ஏன்?"

"அத ஏன் நீ சொல்லல?"

"நீங்கதான் மோந்து பாத்து நல்ல சாக்குன்னீகளே. ஒங்களுக்குத் தெரியாத சாக்கா?"

சாக்கிலிருந்து நாலு இழை பிடுங்கி, தெருவில் கல்லின்மேல் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். சணல் மஞ்சளாகத்தான் எரிய வேண்டும். ஓரமெல்லாம் நீலமாக ஓடியது. புகை தொண்டையைப் பிடித்து இருவரும் இருமினோம். சிவகாசிப் பக்கம் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த நீலம் தெரியும். ரஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதத்தான் கேக்க வந்தீகளா? போன்ல கேட்டிருக்கலாம்ல" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் மேடம் வருவதற்கு முன்பே போய், சாக்கை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராஜேஸ்வரி வாடை என்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்வதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

மேடம் திட்டவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எத்தனை சாக்கு, எந்தத் தேதியில் வந்தது, ஆறு பீப்பாயிலும் இதே கட்டுத்தானா. பிறகு, "நீல நெருப்பு போதாது பாய், செய்து பார்க்கணும்" என்றார். ராஜேஸ்வரி விட்டுப்போன பொட்டலத்தில் இருந்த பூஞ்சையை எடுத்து, நான்கு கண்ணாடிச் சாடிகளில் போட்டோம். இரண்டில் உளுந்துச் சாக்குத் துண்டு, இரண்டில் இந்தச் சாக்குத் துண்டு. அன்று போக வேண்டிய அறிக்கையை நிறுத்தினார். அதிகாரிகளிடம் மூன்று வார அவகாசம் கேட்டார். "காரணம் என்னன்னு கேட்டா எங்க ஆய்வுக்கூடத் தவறுன்னு சொல்லுங்க" என்று அவர் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆறாம் நாள் உளுந்துச் சாக்குச் சாடிகள் இரண்டும் வெள்ளை. மற்ற இரண்டும் செத்துக் கிடந்தன.

மேடம் நோட்டை என் பக்கம் தள்ளினார். "விதை கெட்டது" என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். மேலே, "சாக்கு கெட்டது. கொண்டுவந்தவர் காதர்" என்று என் பெயரோடு எழுதினேன். பேனாவை மூடப்போனேன்.

"இன்னும் முடியல" என்றார். "அன்னைக்கு அந்தச் சாக்குக் கட்டை நானும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டேன். என் பேரையும் எழுதுங்க."

"வேண்டாம் மேடம்."

"எழுதுங்க பாய்."

எழுதினேன். அப்படி ஒரு அதிகாரியை எனக்குக் கொடுத்ததற்கு அன்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

அவரே ராஜேஸ்வரிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மறுபடி பீப்பாய் நிரப்பும் நாளில் ராஜேஸ்வரியே விதையோடு வந்தார். சாக்குகளை நான் தொடக்கூட இல்லை. மேடம் அவரைக் கொடிப்பக்கம் கூட்டிப் போய், "நீங்க முகர்ந்து சொல்லுங்க" என்றார். ராஜேஸ்வரி ஒவ்வொரு சாக்காக முகத்தில் வைத்துப் பார்த்து, "வெறுஞ் சணல் வாடைதான் மேடம்" என்றார். படிவத்தின் அடியில் மேடம் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டார். அதுதான் பன்னிரண்டாவது கட்டம். அதில் முதல் கையெழுத்து ராஜேஸ்வரியுடையது.

வேலை முடிந்ததும் மேடம் என்னை டீ வாங்கி வர அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது ராஜேஸ்வரி மேஜையில் அந்த நோட்டை மூடி வைத்துக்கொண்டிருந்தார். என் பெயரைப் பார்த்துவிட்டார் என்று காதெல்லாம் சூடானது. அவர் டீயை வாங்கிக்கொண்டு, "சீனி கம்மியா இருக்கே பாய்" என்றார், அவ்வளவுதான். நோட்டு அத்தோடு நிரம்பி அலமாரிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தை நான் பிறகு திறந்ததில்லை. வெட்கம்தான்.

இரண்டு வாரத்தில் ஆறு பீப்பாயும் பஞ்சு மூட்டையாக நின்றன. அதிகாரிகள் வந்த அன்று மேடம் அவர்களுக்குத் தெளிந்த தண்ணீர்ப் பாட்டிலைக் காட்டவில்லை. தொட்டிமுன் முக்காலியைப் போட்டு, "எண்ணிக்கோங்க" என்றார். அரைப் பங்கில் பத்து மீன். முழுசு ஊற்றிய தொட்டியில் ஏழு. "மூணு செத்திருக்கே" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, இன்னும் வேலை இருக்கு" என்றார் மேடம். அந்தப் பதிலால்தான் அனுமதி கிடைத்தது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை பீப்பாய் நிரப்பும்போதும் ஒரு வெளியூர் ஆளைத் தேடி அலைவோம். ஒரிசா லாரி டிரைவர், மெஷின் மாட்ட வந்த கோயம்புத்தூர்க்காரர், மாரிமுத்துவின் தங்கையைப் பெண் பார்க்க வந்த ராமநாதபுரத்துப் பெரியவர், எல்லோரும் எங்கள் சாக்கை முகர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் இது ஏதோ பெண் வீட்டுச் சோதனை என்று நினைத்து மிகவும் கவனமாக முகர்ந்தார். ராஜேஸ்வரியின் கொட்டகை இப்போது இரண்டாகியிருக்கிறது. எங்கள் நிலையத்துக்கு விதை இன்னமும் அவரிடமிருந்துதான். மேடம் மாற்றலாகிப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

இதை இதுவரை எழுதி முடித்ததும், நோட்டில் நான் எழுதிய வாசகம் ஞாபகத்தில் இருப்பதுதானா என்று ஒரு சந்தேகம். நேற்றுக் காலை மகாலட்சுமிக்கு போன் போட்டு, பழைய நோட்டை எடுத்து வாசிக்கச் சொன்னேன்.

"இருக்கு சார். 'விதை கெட்டது', அது மேல ஒரு கோடு. 'சாக்கு கெட்டது. கொண்டுவந்தவர் காதர். முகர்ந்து பார்த்தவர்கள் காதர், செல்லராணி.'"

"சரிம்மா, அம்புட்டுதான். மூடி வச்சிரு."

"இல்ல சார், கீழ இன்னொரு வரி இருக்கே. வேற கையெழுத்து. பக்கத்துல மேடம் சின்னதா கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"என்ன வரி?"

"'பாய் அவராகவே வந்து சொன்னார் என்று மேடம் சொன்னார்கள். அதையும் எழுதி வைக்கணும். ராஜேஸ்வரி, ஆண்டிபட்டி.'"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா? அப்ப அந்தக் கட்டத்தை என்ன செய்யட்டும்?"

"நீ இங்கன வந்து எம்புட்டு நாளாச்சும்மா?"

"ஒன்பது மாசம் சார்."

"ஜன்னலத் தொறந்து நல்லா மூச்சை இழுத்துப் பாரு. ஏதாச்சும் வாடை அடிக்குதா?"

ஜன்னல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சை இழுக்கிற சத்தம்.

"ஒண்ணும் அடிக்கலையே சார்."

"அப்ப கட்டம் இருக்கட்டும்" என்றேன்.